கூரைக்கு மேல் போன நீராவி

1986 பிப்ரவரி 11, செவ்வாய். நாலரைக்கு எழுந்தேன். ஐந்து பத்துக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறி, ஆறு இருபதுக்குத் திண்டிவனம் அரிசி ஆலைக்குள் நுழைந்தேன். பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்த்தேன், சாம்பல் வாரினேன், உமி போட்டுத் தீ மூட்டினேன். எட்டரைக்கு நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கியது. மின்வெட்டு நாட்களில் ஆலையை ஓட்டுவது அதுதான்.

எஞ்சினை ஓட்டி முடித்த நீராவி, கூரைக்கு மேலே நீட்டியிருந்த குழாய் வழியே வீணாகப் போய்க்கொண்டிருந்தது. நெல் ஊறும் தொட்டிகளிலோ பச்சைத் தண்ணீர். மூன்று நாள் ஊறி, நாறி, பிறகுதான் அவிக்கப் போகும். வெந்நீரானால் காலையில் விட்டு மாலையிலேயே அவிக்கலாம், நாற்றமும் இருக்காது. சூடு வீணாவது பகலில், தேவைப்படுவது விடிந்ததும். இடையில் அதைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி போதும் என்று ஒரு வருடமாகச் சொல்லி வந்தேன்.

பொங்கலுக்குப் பிறகு முதலாளி சம்மதித்தார். நான் அவசரப்பட்டேன். நீராவியை நேராகத் தண்ணீருக்குள் விட்டேன். எஞ்சின் சிலிண்டருக்கு ஊற்றும் எண்ணெயும் கூடவே வந்து மிதந்தது. ஒரு தொட்டி நெல் கெட்டது. தப்பு என்னுடையது, டைரியில் அப்படியே எழுதியிருக்கிறேன். அடுத்ததாக இரும்புக் குழாயைச் சுருளாக வளைத்துத் தொட்டிக்குள் இறக்கினேன். நீராவி குழாய்க்குள், தண்ணீர் வெளியே; ஒன்றையொன்று தொடாது. சூடு ஆறாமலிருக்கத் தொட்டியைச் சுற்றி உமி மூட்டைகளை அடுக்கினேன்.

பதினொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு முதலாளி வந்தார்.

"யோவ், மறுபடியும் குழாய வச்சிக்கினு நிக்கிறியா? பட்டது போதாதா?"

"இது வேறங்க. ஒரு சொட்டு எண்ணெ இல்ல. மோந்து பாருங்க."

பார்க்கவில்லை. "பாண்டிச்சேரி வியாபாரி மூட்டையத் திருப்பி அனுப்புனா நீ துன்னுவியா?"

"துன்றேங்க."

களத்தில் நெல் துழாவிய பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவள் குரல் கொடுத்தாள்: "ஊற வச்ச நெல்லு நாத்தம் பொடவய வுட்டுப் போவமாட்டேன்னுது முதலாளி. எங்க வூட்டுக்காரரு ரெண்டு மொழம் தள்ளி உக்காந்துதான் சோறு துன்றாரு."

"அது உனக்கு நல்லதுதான்," என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "காலைல ஒம்போது மணிக்கு வருவேன். அந்தக் குழா இருந்தா நீ இருக்கமாட்ட."

இருபத்திரண்டு வருட வேலை. வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. ஆனாலும் என் கையாலேயே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேலே போகும் ஆவியைப் பார்த்தபடி உமி அள்ளிக்கொண்டிருக்க என்னால் முடியாது. கழற்றவில்லை.

ஐந்தரைக்குப் பெண்கள் ஊறல் தொட்டி ஒன்றில் நெல்லைக் கொட்டி முடித்தார்கள். மூத்தவள் பச்சைத் தண்ணீர்க் குழாயில் கை வைத்தாள்.

"தண்ணி வுடவாண்ணே?"

"வேணாம். அப்படியே கெடக்கட்டும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உன்னோட பேஜாருண்ணே," என்று கையை எடுத்துக்கொண்டாள்.

வெந்நீர் பட்ட நெல்லைப் போட்டு வைக்க முடியாது. காலையில் வெந்நீர் விட்டால் அன்று மாலைக்குள் அவித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நெல்லும் கெடும். முதலாளிக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு உள்ளே நுழைந்ததும் சாம்பல் வாரவில்லை, தீ மூட்டவில்லை. இரவு தாண்டியும் வெந்நீர்த் தொட்டியில் வெப்பமானி எழுபத்தொரு டிகிரி காட்டியது. முதல் வேலையாக வால்வைத் திறந்து, அந்த வெந்நீரை நெல்லின்மேல் விட்டேன்.