பதிமூன்று மாத ஆயுளுக்கு ஒரு ஒரிஜினல் ரேடியேட்டர்

மே மாத மத்தியானம். யமுனைப் பாலத்தின் நடுவில், இட்லிக் கொப்பரையைத் திறந்தாற்போல எங்கள் காரின் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு தணியும் என்று எங்கோ படித்ததை நம்பி, அதற்கு முந்தைய கால் மணி நேரமாக அதை வேறு போட்டிருந்தேன். பட்டுப்புடவையில் வெந்துபோயிருந்த மனைவி தீர்ப்பு சொன்னாள்:

"இன்னொரு தடவை இது நின்னுச்சுன்னா மறுநாளே ஸ்கிராப்காரன்கிட்ட குடுத்துருவேன். ஆள்கிட்ட பேசியாச்சு."

தில்லியில் பெட்ரோல் காருக்குப் பதினைந்து வயதோடு சரி, அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்று அரசு விதி. எங்களுடையதற்கு இன்னும் பதிமூன்று மாதம் பாக்கி இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

ரேடியேட்டர் போய்விட்டது என்றார் மெக்கானிக். பழையதைக் காட்டினால்தான் சரியானது கிடைக்கும் என்று கழற்றி என் கையில் கொடுத்தார். அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, மயூர் விஹாரிலிருந்து கஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தைக்கு மெட்ரோவில் புறப்பட்டேன். சோதனைக் கருவியின் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்த காவலர், "பாக்கி காடி கஹாங் ஹை?" என்றார். மீதிக் கார் பின்னாலேயே வருகிறது என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கம்பெனி ஒரிஜினல். இன்னொன்று அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் வெளித்தயாரிப்பு; பாதி விலை, ஒரு வருட கேரண்டி.

"காடிக்கு என்ன வயசு, ஸாப்?"

"பத்து, பதினொண்ணு இருக்கும்." என் வயதைக்கூட இவ்வளவு கூசாமல் குறைத்துச் சொன்னதில்லை.

அவர் பழைய ரேடியேட்டரில் விரலை ஓட்டினார். "பதினாலு நடக்குது. விலை கம்மியானதையே எடுங்க ஸாப். கேரண்டியும் காடியும் ஏறக்குறைய சேர்ந்தே போயிடும்."

நியாயம் முழுக்க அவர் பக்கம். மூன்று நாள் இணையத்தில் அலுமினியத்தையும் பித்தளையையும் கரைத்துக் குடித்த எனக்கும் அது புரிந்தது. ஆனால் மலிவானதை வாங்கினால், காருக்குச் சாவு தேதி குறித்து நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"ஒரிஜினலே குடுங்க."

சாகக் கிடப்பவருக்குப் புதுப் பல்செட் வாங்குபவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனாலும் எனக்குப் புத்தி வருவதற்குள் ஜல்தியாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

"பதிமூணு மாசத்துக்கு ஒரிஜினலா!" என்றாள் மனைவி. "இதுல சொர்க்கத்துக்குப் போறதா உத்தேசமா?"

ஞாயிறு மத்தியானம், புது ரேடியேட்டரோடு அதே பாலம். மனைவி இன்ஜின் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். சாலையைப் பார்க்க யாரும் இல்லை. முள் நடுவில் நின்றது. அக்கரை வந்தும் அசையவில்லை.

அவள் ஃபோனை எடுத்தாள். "பையா, காடி அபி ரெஹ்னே தோ," வண்டி இப்போதைக்கு இருக்கட்டும் என்று ஸ்கிராப்காரனுக்கு விடை கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பதிமூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."