அனுமதி மறுக்கப்பட்டது

பர்மாவில், தாகேதா என்ற பகுதியில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் இரண்டு மணிக்கு மேல்தான் மின்சாரம் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் என் மகள் ஜப்பானிலிருந்து பேசுவாள். போனில் படம் அறுந்து அறுந்து போகிறது என்று, புறப்படும் முன் தன் பழைய லேப்டாப்பை எங்களிடம் விட்டுவிட்டு, பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து நீலப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுத்திருந்தாள். அப்போது என் கணவர் இருந்தார். கம்ப்யூட்டரின் நிர்வாகி அவள். எங்கள் இருவருக்கும் சாதாரணக் கணக்கு.

"நீங்க எதையாச்சும் அமுக்கிக் கெடுத்துடக் கூடாதில்ல, அமே" என்றாள். பர்மியப் பிள்ளைகளைப் போல என்னை 'அமே' என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் இறந்து பதினான்கு மாதம் ஆன பிறகு, ஒரு ஞாயிறு, நீலப் பொத்தான் வேலை செய்யவில்லை. உங்கள் பிரவுசர் மிகப் பழையது, புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்றது திரை. புதுப்பிக்கப் போனால் பாதி வரை ஓடி நின்றது. அனுமதி மறுக்கப்பட்டது. நிர்வாகியின் பாஸ்வேர்ட் வேண்டும். கீழே மகளின் பெயர்.

போனில் செய்தி அனுப்பினேன். அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பதில் மறுநாள்தான் வந்தது. "மறந்துபோச்சு அமே. அவசரத்துல போட்டது. யாரையாச்சும் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

யாரைக் கூப்பிடுவது? எதிர்வீட்டுக்காரர்கள் பிள்ளைகளோடு தாய்லாந்து போய்விட்டார்கள். மேல்மாடிக் கதவில் பூட்டுத் தொங்கி ஆறு மாதமாகிறது. அவளுடைய பிறந்தநாள், எங்கள் பழைய போன் எண், அப்பாவின் பெயர் என்று தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். எதையும் அது ஏற்கவில்லை. அடுத்த ஞாயிறும் பேச முடியாமல் போனது.

திங்கட்கிழமை லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, காய்கறிக் கூடையில் வைத்து, பஸ் ஏறி லான்மடாவுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் தமிழர், ஐம்பது வயதிருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்று சொன்னதும், டீச்சர்களைப் பர்மியர் கூப்பிடுவது போல 'சயாமா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"மக பாஸ்வேர்ட நீக்கிர்றேன், சயாமா. உள்ள இருக்கிறது ஒண்ணும் அழியாது. இனிமே நீங்கதான் நிர்வாகி. சரிதானா?"

அவளைக் கேட்காமல் செய்வது என்னவோ போலிருந்தது. இருந்தும் சரி என்றேன். முக்கால் மணி நேரத்தில் பிரவுசர் புதிதாகிவிட்டது.

"நீங்க பேசுற பக்கத்தத் திறங்க, பாத்துருவோம்."

திறந்தேன். அவர் திரையை உற்றுப் பார்த்தார். "மைக் சரியா இருக்கு. கேமராவ ஏன் தடுத்து வச்சிருக்கீங்க?"

"நானா? நான் ஒண்ணும் செய்யல பாய்."

அவர் பக்கத்தின் அனுமதிகளைத் திறந்து காட்டினார். மைக்ரோபோன், அனுமதி. கேமரா, தடை. "எப்பவோ இது கேட்டிருக்கும், நீங்க வேணாம்னு அமுக்கியிருப்பீங்க. ஒரு தரம் வேணாம்னுட்டா அப்புறம் கேக்காது, சயாமா."

அப்போதுதான் நினைவு வந்தது. இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள். டிக்கெட்டும் விடுப்பும் கிடைக்காமல் மகள் வர முடியவில்லை. அன்று அவள் கூப்பிட்டபோது, கேமராவைப் பயன்படுத்தலாமா என்று ஒரு கட்டம் கேட்டது. வீங்கிய முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று 'தடு' என்பதை அழுத்தினேன். அன்று ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தலை வாரி, கன்னத்தில் தனகாக் கட்டை அரைத்துப் பூசி, வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். திரை மூலையில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரின் முதல் எழுத்து மட்டும் நிற்கும். அது அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டேன்.

"என்ன சயாமா?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல. தடையை எடுத்துடுங்க."

அடுத்த ஞாயிறு நீலப் பொத்தானை அழுத்தினேன். மகள் வந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமே, முடிய வெட்டிட்டீங்களா?"

"அது ஆச்சு ஒரு வருஷம்."

"ரொம்ப எளச்சுட்டீங்க."

"கேமரா மூடியிருக்குன்னு நீ ஏம்மா ஒரு தரம்கூட சொல்லல?"

அவள் கீழே பார்த்தாள். "அப்பா காரியத்துக்கு நான் வரல. அந்தக் கோவத்துல நீங்க முகம் காட்ட மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன். கேட்டா, ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

"கோவமே இல்லடி. நீ பாக்கிறேன்னு நெனச்சுத்தான் இத்தன நாளும் உக்காந்திருந்தேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இந்த முறை முகத்தை மறைக்கவில்லை. பிறகு வீட்டைக் காட்டச் சொன்னாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறை, சாமி படம், அவர் படுத்திருந்த கட்டில் என்று காட்டிக்கொண்டே நடந்தேன். கட்டில் அருகே வந்ததும், "கொஞ்சம் அங்கயே நில்லுங்க" என்றாள். கை வலிக்கும் வரை நின்றேன்.

வைக்கும் முன் அடுத்த ஞாயிறு தனக்கு வேலை என்றாள். அதற்கடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றாள். சரி என்றேன். லேப்டாப்பை மூடிவிட்டு, ஒருத்திக்கு வேண்டிய அரிசியை அளந்து உலை வைத்தேன்.