இபு ருமினியின் காலர் டியூன்

எங்கள் தலைமையாசிரியர் பாக் ஹெரியாந்தோ ஆளை எடைபோடப் படிப்பைப் பார்க்க மாட்டார், பாடம் நடத்துவதையும் பார்க்க மாட்டார். என்ன பாட்டுக் கேட்பீர்கள் என்று கேட்பார். ஜாஸ் என்றால் உட்காரச் சொல்வார். ராக் என்றால் பரவாயில்லை என்பார். யாராவது தெரியாத்தனமாக எங்கள் ஊர் மேளப் பாட்டான டங்டுட் என்று சொல்லிவிட்டால் ‘கம்புங்கான்’ என்பார், சுத்தப் பட்டிக்காடு என்று. அதைச் சொல்லும்போது அவர் மூக்கு சுருங்குவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் என்று எழுதுவதுகூட என் அம்மா வளர்த்த வளர்ப்புக்காகத்தான்.

எங்கள் பக்கம் மரியாதைக்கு ஆணை ‘பாக்’ என்போம், பெண்ணை ‘இபு’ என்போம். இபு ருமினி எங்கள் மாலாங் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாகத் தற்காலிகக் கணக்கு ஆசிரியை. மழையோ வெயிலோ, லாவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து முதல் மணிக்கு முன்பே வகுப்பில் நிற்பார். பின்னம் புரியாத பிள்ளைக்குத் தன் மதியச் சாப்பாட்டிலிருந்த தெம்பே என்ற சோயாக் கட்டியைத் துண்டு போட்டுக் காட்டுவார். புரிந்ததும் அந்தப் பிள்ளையே அதைத் தின்றுவிடும். புருஷன் கசிரான் ஜகார்த்தாவுக்கு ஆப்பிள் லாரி ஓட்டுபவர். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார்.

2008இல் ஊரெங்கும் காலர் டியூன் பைத்தியம். இபு ருமினிக்கு டியூன் வைத்துக் கொடுத்தது கசிரான்தான். கல்யாணப் பந்தலையே ஆட்டிவைக்கிற டங்டுட்.

“உனக்கா கேக்கப்போவுது? கூப்புடுறவனுக்குத்தான கேக்கும். ரோட்டுலயே கெடக்குறவன் நானு. எனக்குப் புடிச்சத வெச்சுக்குறேன்” என்றாராம். தன் டியூன் எப்படி இருக்கும் என்று இபு ருமினி ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருடம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. பதினொரு வருடமாக அவர் காத்திருந்த இடம். நான் அலுவலகத்தில் குமாஸ்தா. கோப்பை மேசையில் வைத்தது நான்தான். கையெழுத்துக்கு முன்னால் ஏதோ விவரம் கேட்க, பாக் ஹெரியாந்தோ ஸ்பீக்கரில் போட்டு இபு ருமினியைக் கூப்பிட்டார். அறை முழுக்க மேளம் அதிர்ந்தது. அவர் ஃபோனைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“கேளுங்க, நல்லா கேளுங்க. இவங்களா நம்ம பசங்களுக்கு நிரந்தர டீச்சர்? பெத்தவங்க ஃபோன் பண்ணா என்ன நெனைப்பாங்க? கம்புங்கான்!”

அறையிலிருந்த ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வீட்டு அடுப்படி ரேடியோவில் நாள் முழுக்க ஓடுவது அதே டங்டுட்தான். அந்த மனிதர் மட்டும் என்ன? மூன்று மாதம் முன்பு தன் தங்கை கல்யாணத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு அதே மேளத்துக்கு வியர்க்க வியர்க்க ஆடியவர். அங்கே கைதட்டியவர்கள்தான் இங்கே சிரித்தார்கள். சீ, என்ன பிழைப்பு! கோப்பு கையெழுத்தில்லாமல் என்னிடம் திரும்பி வந்தது.

மனசு கேட்காமல் மதியம் சாப்பாட்டு அறைக்குப் போய் இபு ருமினியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் ஃபோனை வாங்கித் தன் எண்ணையே அழுத்தினார். மேசைமேல் அவருடைய ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை, கடைசிவரை கேட்டார்.

“நல்லாத்தான இருக்கு, நினிக்?” என்றார்.

“நல்லாத்தான் இருக்கு, இபு. ஆனா மாத்திடுங்க. கையெழுத்து அந்தாளு கையில இருக்கே.”

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். பிறகு, “உனக்குத் தெரிஞ்சதுல எது ஒசத்தியோ அத வை” என்றார். பெயர்கூட வாயில் நுழையாத ஒரு சாக்ஸபோன் ஜாஸை நானே வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் பாக் ஹெரியாந்தோ மறுபடி ஸ்பீக்கரில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். “பாத்தீங்களா? மனுஷங்க மாற முடியும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒரே ராத்திரியில் இபு ருமினிக்குக் கணக்கு நன்றாக வந்துவிட்டது போலிருக்கிறது!

அன்று மதியம் அவர் பொரித்த வாழைப்பழம் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். சிரித்தவர்களும் கூசாமல் தின்றார்கள். இபு ருமினி எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுத் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தபோது, தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள், மூன்றும் உடனே துண்டிக்கப்பட்டிருந்தன. யாரோ மாணவனின் அப்பா என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டுத் திருப்பிக் கூப்பிட்டார்.

“ருமியா?” கசிரானின் குரல். பின்னால் லாரிகளின் இரைச்சல். “என் ஃபோன் செத்துப்போச்சு, சோத்துக்கடைக்காரரு ஃபோன வாங்கிப் போட்டேன். மூணு வாட்டியும் எங்கயோ பெரிய எடத்துக்குப் போயிடுச்சும்மா. என்னமோ பீப்பீன்னு ஊதுறாங்க. திட்டப் போறாங்கன்னு பயந்து வெச்சுட்டேன்.”

“சரியாத்தான் போட்டிருக்கீங்க. அது என் டியூன்தான். பள்ளிக்கூடத்துல மாத்தச் சொன்னாங்க. வேல நெரந்தரமாயிடுச்சு.”



“ரொம்ப சந்தோஷம்மா” என்றார் கசிரான். அப்புறம், எங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தி, “அப்ப இனிமே நான் கூப்புட்டாலும் அதான் ஊதுமா?” என்று கேட்டார்.