நான் துடைத்த அம்புக்குறி

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நாலு பேர் நான் பெற்றது. ஐந்தாவது, என் தங்கை விட்டுவிட்டுப் போன பெண். ஐந்தில் ஒருத்தரையும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் அனுப்பினதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தண்டையார்பேட்டையில் ஒரு மெஷின் பட்டறையில் கூட்டித் துடைக்கிற வேலை. தங்கை மகள் டிப்ளமா முடித்து அதே பட்டறையில் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறாள். அவள் வாங்கிக் கொடுத்த வேலை என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அங்கே முதலில் போனது நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி ஒரு புது மெஷின் இறக்கினார். மற்ற மெஷினில் கத்தி மட்டும் நகரும். இதில் இரும்பு உட்கார்ந்திருக்கிற மேசையே சாயும், சுற்றும். பஸ்ஸில் போகும்போது அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள்.

"மெஷினுக்குக் கண்ணு கெடையாது பெரிம்மா. இரும்பு எங்க கீது, எந்தப் பக்கம் பாத்து குந்திகினு கீதுன்னு நாமதான் சொல்லணும். எங்கேர்ந்து அளக்கணும்னு ஒரு புள்ளி குடுப்போம். அதான் ஜீரோ."

"தப்பா சொல்லிட்டா?"

"அப்டியே நம்பிடும். அதான் பேஜாரு."

அந்த மெஷினில் அவளுக்கு வந்த முதல் வேலை, துறைமுகத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பம்ப்பின் உடம்பு. இரண்டு செங்கல் சேர்த்து வைத்த அளவு எஃகு. அது ஒன்றுதான், மாற்று கிடையாது. "இது ஒழுங்கா வந்தா மெஷின் உன்னுது. இல்லேன்னா வெளியேர்ந்து ஆள் போடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த எஃகுக்கு நடுவில் ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. சரியாக நடுவில் இல்லை, ஒரு நூல் தள்ளி. அதனால் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெல்லிசு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கனத்த பக்கம் மெஷின் கதவைப் பார்த்து இருக்க வேண்டும் என்று அவள் கறுப்பு மார்க்கரால் மேலே ஓர் அம்பு போட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நான் பெயின்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து அதைப் பளிச்சென்று துடைத்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை. கறை கண்டால் என் கை சும்மா இருக்காது. அது கறை இல்லை என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ஆபரேட்டர் அதைத் தூக்கி மெஷினில் பூட்டினான், மெல்லிசுப் பக்கம் கதவைப் பார்க்கிற மாதிரி. அம்பைப் பார்த்துத்தான் பூட்டியிருப்பான் என்று அவள் நம்பினாள். வெளிப்பக்கத்தைத் தொட்டு அளவெடுத்து ஜீரோ வைத்து ஓட்டினாள். கத்தி பட்டதுமே சத்தம் வேறு மாதிரி வந்தது. மெல்லிசுப் பக்கம் கணகணக்கும். சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினாள். எஃகில் நகம் கீறினதுபோல ஒரு கோடு.

முதலாளி வந்தார். "குறி போட்டியா?" என்று அவளைக் கேட்டார்.

"நா பாக்கசொல்ல ஒண்ணுமில்ல சார்" என்றான் ஆபரேட்டர்.

அவள் எஃகைப் பார்த்தாள். என் தோளில் கிடந்த துணியைப் பார்த்தாள், அதில் கறுப்பு ஒட்டியிருந்தது. பிறகு சொன்னாள். "மறந்துட்டேன் சார்."

"அப்போ நாளைக்கு நீ பழைய மெஷினுக்கே போ."

நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என் ஆயுசில் யாரிடமும் 'என் தப்பு' என்று சொன்னதில்லை. கட்டினவரிடமே சொன்னதில்லை. அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றேன். சின்ன வயதில் என் பையன்கள் எதை உடைத்தாலும் இவள்தான் "நான் உடைச்சேன்" என்பாள். நானும் இவளைத்தான் திட்டியிருக்கிறேன். சோறு போடுகிற வீடு என்று நினைத்தாளோ என்னவோ. அப்போது ஒரு நாளாவது கூப்பிட்டு வைத்துக் கேட்டிருக்கலாம்.

உள்ளே போனேன்.

"சார், அவ குறி போட்டா. நாந்தான் தொடச்சேன்."

"யாரு தொடைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. கறுப்பா கோடு கீதேன்னு தின்னர் போட்டுத் தொடச்சிட்டேன்."

"நல்லவேள ஆயா, சீக்கா போட்டு குளிப்பாட்டாம வுட்டியே" என்றான் ஆபரேட்டர்.

முதலாளி சிரிக்கவில்லை. என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "இதைச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"கீறல் மேல்தோல்லதான் சார், எப்டியும் சீவப் போறதுதான். இரும்ப கயட்டவும் வாணாம். அது எப்டி குந்திகினு கீதோ, அப்டியே மெஷினுக்குச் சொல்லிட்டா போதும்."

மேசையை அரைச் சுற்று சுற்றவிட்டாள். துளைக்குள் முள் ஆடுகிற அளவுமானியை விட்டு, முள் ஆடாமல் நிற்கிறவரைக்கும் பொறுமையாகத் தேடினாள். புது ஜீரோவை வைத்தாள். முதலில் கத்தியை எஃகு மேலே படாமல் காற்றில் ஓட்டிப் பார்த்தாள். பிறகுதான் இறக்கினாள். மதியச் சாப்பாட்டுக்குள் எஃகின் முதல் பக்கம் கண்ணாடிபோல வந்துவிட்டது. முதலாளி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மெஷினை நீயே பாரு" என்றார். இனிமேல் மார்க்கர் வேண்டாம், துடைத்தாலும் போகாதபடி இரும்பில் பஞ்ச் அடித்துக் குழிப்புள்ளி வையுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் என்னோடு சண்டை போட்டாள்.

"ஏன் பெரிம்மா சொன்ன? வேலய வுட்டு அனுப்பிருந்தா இன்னா பண்ணுவ?"

"ஊட்ல குந்திகினு உன் சம்பாத்தியத்துல துன்னுவேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்டையார்பேட்டை தாண்டினதும் என் கையை எடுத்து மடியில் வைத்து, விரல் இடுக்கில் இருந்த மையைத் துப்பட்டாவால் தேய்த்தாள். "போவமாட்டேங்குது" என்றாள். இறங்குகிறவரைக்கும் கையை விடவில்லை.

இன்றைக்கும் யாராவது கேட்டால் 'குறி அழிஞ்சிபோச்சு' என்றுதான் சொல்கிறாள், யார் அழித்தது என்று சொல்வதில்லை. அதனால்தான் நானே உட்கார்ந்து எழுதினேன். நாலு நாள் ஆனது. இப்போது அவளைத்தான் கூப்பிடுகிறேன்.

கண்ணு, இங்க வா. நாந்தான் தொடச்சேன்னு எழுதிகீறேன், அது ஒயுங்கா வந்துகீதா பாரு. மொதல்லேர்ந்து படி. நிறுத்தி நிறுத்திப் படி.