அக்கி சாக்கு

மழையில் ஏரி நிரம்பி, கரையோரக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்த வாரம் அது. அங்கிருந்தவர்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். நாங்கள் காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தோம். கிடைத்தது ஒரே ஒரு டெம்போ, அதுவும் ஒரே ஒரு நடைக்கு. எதை ஏற்றுவது? திட்டம் போடுவதென்றால் எனக்குக் குஷி. ஹால் தரையிலேயே சாக்பீஸால் டெம்போவை வரைந்து, கட்டம் பிரித்துவிட்டேன்.

பள்ளியில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட அக்காவிடம் போனில் பேசியது என் ரூம்மேட். என்னைப் போலவே இந்த ஊருக்கு ஐ.டி. வேலைக்கு வந்த தமிழன். அவன் கன்னடம் ஆட்டோ பேரத்தோடு நின்றுவிடும்.

"மச்சான், அக்கி சாக்குங்கறாங்கடா. திரும்பத் திரும்ப அதேதான்."

அக்கி என்றால் அரிசி. அது எனக்கும் தெரியும். மூட்டைகளை ஏற்ற ஆரம்பித்தோம். ஆனால் எத்தனை மூட்டை என்று தெரியாமல் என் கட்டம் காலியாக முறைத்தது. நானே போன் போட்டேன்.

"அக்கா, அக்கி எஷ்டு சாக்கு?"

"சாக்குப்பா, சாக்கு!"

"சாக்குதான்க்கா. எத்தன? பத்து சாக்கா, இருபதா?"

மறுமுனையில் பெரிய சிரிப்பு.

"அட, தமிழா நீ? மொதல்லயே சொல்றதுக்கு இன்னாப்பா? கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம்! இங்க அரிசி மலை மாதிரி கெடக்குது. படுக்கப் பாய்தான் இல்ல. பச்சக் கொழந்தைங்க சில்லுனு வெறுந்தரையில கெடக்குதுங்க. பாய் குடு, போர்வை குடு!"

நான் சொன்னதைக் கேட்டு ரூம்மேட் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நல்லவேள, வேணும்னு கேக்கல. அதுக்குக் கன்னடத்துல 'பேக்கு'ன்னு சொல்வாங்க. உன்னைத் திட்டுறாங்கன்னு போனை வச்சிருப்ப" என்றேன்.

மூட்டைகளை இறக்கினோம். கட்டங்களைக் காலால் தேய்த்து அழித்தேன். சுற்றுவட்டார அபார்ட்மென்ட் குரூப்புகளில் எல்லாம் பாய் கேட்டு எழுதினோம். ஸ்கூட்டர்களில் நிற்கவைத்த பாய்கள் வரிசையாக வந்தன. இருந்தும் எல்லோருக்கும் போதாது. கைக்குழந்தை இருக்கும் குடும்பங்களுக்கு முதலில் என்று அக்காவும் நாங்களும் போனிலேயே முடிவு செய்தோம்.

சாயங்காலம் டெம்போவோடு பள்ளிக்குப் போய், முதல் வகுப்பறையில் ஒரு பாயை விரித்தேன். உதறக்கூட விடவில்லை, ஒரு அம்மா இடுப்பிலிருந்த குழந்தையை அதன்மேல் கிடத்தினாள். அது ஒருமுறை புரண்டு அப்படியே தூங்கிப்போனது. மற்ற பாய்களை நாங்கள் சத்தம் வராமல் விரிக்க வேண்டியதாயிற்று.