தர்ஷினிக்கு நாலு ஊசி

செஞ்சியில் குழந்தைகளுக்கென்றே நடக்கும் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறேன். புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பழக்கிக் கொடுப்பதும், சுகர் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களோடு பேசுவதும் என் வேலை. அந்தப் பெண்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். என் சர்வீஸில் நான் சரியாகச் செய்த வேலைகள் எத்தனையோ உண்டு. இது நான் தப்பாகச் செய்த ஒன்று.

1. முப்பத்தெட்டு

தை மாதம், பொங்கல் லீவு முடியும் சமயம். காலை டியூட்டிக்கு வந்து சார்ட்டுகளைக் கையில் எடுத்திருந்தேன். வெளியே இன்னும் பொழுது விடியவில்லை. ஒரு ஆட்டோ உள்ளே வந்து நின்றது. தேவகுமார் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் அவர் மனைவி செருப்பில்லாமல் வந்தார்.

தர்ஷினிக்கு அப்போது பத்து வயது. மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு ஜைனக் குடும்பம்; மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் பயிர் வைப்பவர்கள். மூன்று மாதத்துக்கு முன்புதான் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. இதற்கு மாத்திரை கிடையாது, ஊசிதான். ஊசி போட எங்களிடம்தான் கற்றுக்கொண்டு போனார்கள்.

கட்டிலில் கிடத்தும்போதே கை கால்கள் வெட்டி இழுத்தன. உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. விரலில் குத்தி மீட்டரில் பார்த்தேன். முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே நாங்கள் லோ என்போம். டியூட்டி டாக்டர் கை நரம்பில் கேனுலா போட, நான் குளுக்கோஸ் ஏற்றினேன். சிறிது நேரத்தில் வெட்டு நின்றது. கண் திறந்து அம்மாவைத் தேடினாள்.

எனக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

காரிடாருக்குப் போய், தூக்கத்தில் சுகர் இறங்காமலிருக்க நான் சொல்லியிருந்தபடி ராத்திரி படுக்கும்முன் பால் கொடுத்தீர்களா என்று தேவகுமாரைக் கேட்டேன். கொடுத்ததாகச் சொன்னார். சாப்பாடு எத்தனை மணிக்கு என்றேன். தயங்கி, ஐந்தரைக்கு என்றார். நான் எழுதிக் கொடுத்த சார்ட்டில் ஊசி ஏழரைக்கு, சாப்பாடு எட்டுக்கு. ஜைனக் குடும்பங்களில் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுவதில்லை என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"புள்ள உசுரைவிட உங்களுக்குக் கட்டுப்பாடு பெருசா போச்சா? பாலும் குடுத்திருக்க மாட்டீங்க. பொய் சொல்றீங்க," என்றேன்.

ஓ.பி.க்கு டோக்கன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதுவே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

2. அவள் கேட்ட கேள்வி

எட்டு மணி வாக்கில் தர்ஷினி நன்றாகத் தெளிந்துவிட்டாள். இட்லி சாப்பிட்டாள். கேனுலாவைச் சரிபார்க்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, எனக்கு எத்தனை மணிக்கு குளுக்கோஸ் ஏத்துனீங்க என்று கேட்டாள். ஆறு மணி இருக்கும் என்றேன். அப்போது வெளியே வெளிச்சம் வந்திருந்ததா என்றாள். இல்லை என்றேன். அவ்வளவுதான், விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தாள்.

ஊசி குத்திய வலி என்று முதலில் நினைத்தேன். வலிக்கு அழும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இது அந்த அழுகையில்லை. அவள் அம்மா முகம் கழுவப் போயிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே சொன்னாள்.

"நைனா தெனமும் பாலு குடுப்பாரு சிஸ்டர். நான்தான் தோட்டத்துப் பக்கம் போயி வாழைக்கு ஊத்திடுவேன். அவரத் திட்டாதீங்க."

காரிடாரில் நான் போட்ட சத்தம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

ஏன் ஊற்றினாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். ஊசி ஆரம்பித்த நாளிலிருந்து மற்றப் பிள்ளைகள் செய்வது எதையும் அவளால் செய்ய முடிவதில்லை. வீட்டு விசேஷத்தில் இனிப்புத் தட்டு அவளைத் தாண்டிப் போகிறது. பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் அவளை மட்டும் மரத்தடியில் உட்கார வைக்கிறார்கள். ஆனால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, மறுநாள் வெளிச்சம் வரும்வரை ஒன்றும் உண்ணாமல் இருப்பதை, பெரியப்பா பிள்ளைகளைப் போல அவளாலும் செய்ய முடியும். அந்த ஒன்றையும் விட அவளுக்கு மனமில்லை. இருட்டில் ஏற்றிய குளுக்கோஸால் அன்று அதுவும் போய்விட்டதே என்றுதான் அழுதிருக்கிறாள்.

காலையில் தலைவலியும் வியர்வையுமாக எழுந்த நாட்கள் முன்பே உண்டாம். சொன்னால் பால் விஷயம் தெரிந்துவிடும் என்று மறைத்திருக்கிறாள். பொங்கல் லீவுக்குப் பெரியப்பா பிள்ளைகள் வந்திருந்தார்கள். நாள் முழுக்க அவர்களோடு ஓடி விளையாடியிருக்கிறாள். ஓடினால் சுகர் இறங்கும். அன்றும் பாலை ஊற்றிவிட்டுப் படுத்ததில், விடியும்முன் இத்தனை தூரம் இறங்கிவிட்டது.

பிறகு தேவகுமாரைக் கூப்பிட்டுப் பேசினேன். மகளுக்கு நோய் என்று தெரிந்த வாரமே மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். உடம்பு சரியில்லாத குழந்தைக்கு இதில் குற்றமில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட தைரியத்தில்தான் ராத்திரி தவறாமல் பால் காய்ச்சிக் கையில் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தை மட்டும் அவளே கெஞ்சியதால் முன்னுக்குத் தள்ளி, ஊசியையும் அதற்கேற்ப மாற்றிப் போட்டிருக்கிறார்.

அதை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன்.

"கேட்டேனே சிஸ்டர். ராத்திரி சாப்பாட்ட கொஞ்சம் முன்னாடி வெச்சிக்கலாமான்னு. சார்ட்ல இன்னா போட்டிருக்குதோ அதுதான்னு சொல்லிட்டீங்க."

நினைவு வந்தது. டிஸ்சார்ஜ் அன்று, சார்ட்டைக் கையில் கொடுக்கும்போது கேட்டார். நாலு பேர் காத்திருந்தார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னேன். அதன்பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

3. டாக்டர் செய்த ஏற்பாடு

எங்கள் டாக்டர் ரேவதி அதிகம் பேசமாட்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், காரிடாரில் கத்தியதையும் சேர்த்து. கேட்டுவிட்டு நேரே வார்டுக்கு வந்தார். அப்பா அம்மாவிடம் போகாமல் தர்ஷினியிடம் போனார்.

அவர் விளக்கியது இது. இதுவரை அவள் போட்டுக்கொண்டது இரண்டு வேளை ஊசி. சாயங்காலம் போடுவது ராத்திரியிலும் வேலை செய்யும், அதனால்தான் பால். இன்னொரு முறை இருக்கிறது. ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் ஊசி காலையில் ஒன்று. பிறகு சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் சின்ன அளவில் ஒன்று. அப்படிப் போட்டால் சாயங்காலம் ஐந்தரைக்கே சாப்பிட்டுவிடலாம். மீட்டரில் நம்பர் சரியாக இருக்கிற நாளில் ராத்திரிப் பால் வேண்டாம். ஆனால் மொத்தம் நாலு ஊசி. விரலிலும் அடிக்கடி குத்திப் பார்க்கவேண்டும்.

எந்தப் பிள்ளையும் இரண்டைத்தான் கேட்கும். தர்ஷினி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாலு போட்டுக்கறேன் டாக்டர்," என்றாள்.

டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். எழுபதுக்குக் கீழே காட்டினால், இருட்டோ வெளிச்சமோ, உடனே குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவேண்டும். தர்ஷினி யோசித்தாள். "அது சாப்பாடா, மருந்தா?" என்று கேட்டாள்.

"மருந்து."

"ஊசி மாதிரியா?"

"ஊசி மாதிரிதான்."

"அப்படின்னா சரி."

அவள் அம்மா அப்போதுதான் அன்று முதல்முறையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஐந்து நாள் வார்டில் வைத்து டோஸ் பார்த்தோம். சாயங்காலச் சாப்பாடு வார்டில் ஏழு மணிக்குத்தான் வரும். கிச்சனில் சொல்லி அவளுக்கு மட்டும் ஐந்தேகாலுக்கு வரவழைத்தேன். இரண்டாம் நாள் எதிர்க்கட்டில் பிள்ளையின் அம்மாவும், எங்களுக்கும் அப்பவே குடுத்துடுங்க சிஸ்டர், சீக்கிரம் தூங்கும் என்றார். வார்டில் பாதிப்பேர் பொழுதோடு சாப்பிட ஆரம்பித்தார்கள்.

4. மரத்தடி

ஊசியை மாற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. மரத்தடி பாக்கி இருந்தது. எங்கள் மருத்துவமனையில் அப்போதே பள்ளிக்குப் போய்ப் பேசும் வழக்கம் உண்டு. ஆனால் கேட்டால்தான் போவோம். கேட்கவேண்டும் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரமே தர்ஷினியின் பள்ளிக்குப் போனேன். பி.டி. சார் கெட்டவர் இல்லை, பயந்தவர். கிரவுண்டில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மீட்டரை எடுத்து முதலில் என் விரலில் குத்திக் காட்டினேன். பிறகு அவர் கையை நீட்டச் சொன்னேன். இரண்டு முறை இழுத்துக்கொண்டு மூன்றாம் முறை நீட்டினார். சுற்றி நின்ற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

கை நடுக்கம், வியர்வை, திடீர்ச் சிடுசிடுப்பு, பேச்சுக் குழறல். இவற்றில் எது வந்தாலும் உட்கார வைத்துக் குளுக்கோஸ் கொடுங்கள், கால் மணி கழித்து மறுபடி விரலில் பாருங்கள், விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் எங்களிடம் தூக்கி வந்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். விளையாடும்முன் நம்பர் பார்த்து, குறைவாக இருந்தால் பிஸ்கட். குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று அவர் விசில் வைக்கும் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன்.

அன்றைக்கே கோகோ ஆடினார்கள். தர்ஷினி இறங்கினாள். கொஞ்ச நேரத்திலேயே முதல் ஆளாக அவுட் ஆகிவிட்டாள். அவுட் ஆனதற்கு அப்படி வாய்கொள்ளாமல் சிரித்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

5. காரிடார்

மறுமாதம் செக்கப்புக்கு வந்தார்கள். காரிடாரில் உட்கார இடமில்லாத கூட்டம். தேவகுமாரைத் தனியாக ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் திட்டியது ரூமுக்குள் இல்லையே. அவர் பக்கத்தில் போய் நின்று, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னேன்: "அன்னிக்கி உங்களப் பொய் சொல்றீங்கன்னு சொன்னது தப்பு. நீங்க கேட்டப்ப நான் காது குடுக்கல. மன்னிச்சிடுங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். கையிலிருந்த ஃபைலை மடித்தார்.

"கட்டுப்பாடு பெருசா போச்சான்னு நானும் அன்னிக்கி என்னையே திட்டிக்கிட்டிருந்தேன் சிஸ்டர்," என்றார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் நடத்தும் கூட்டத்துக்குத் தவறாமல் வர ஆரம்பித்தார். சுகர் பிள்ளைகளும் வீட்டாரும் பாய் விரித்து உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. பனமலைப் பக்கத்திலிருந்து கலா என்று ஒரு தாய் வருவார். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் மகனின் இன்சுலினை வைத்திருப்பார். வெயில் காலத்திலும் மருந்து கெட்டதில்லை. கரண்ட் போனால் உங்க ஃப்ரிட்ஜ் தாங்குமா, என் சட்டி தாங்கும் என்று மற்றவர்களைச் சீண்டுவார். தேவகுமார் வேகவைத்த மல்லாட்டையைப் பையில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். பேசுவது குறைவு. ஆனால் புதிதாக நோய் தெரிந்து, மிரண்டுபோய் வந்திருக்கும் குடும்பத்தின் பக்கத்தில்தான் போய் உட்காருவார்.

தர்ஷினி இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். நாலு ஊசியும் தானே போட்டுக்கொள்கிறாள். அதன்பிறகு இரண்டு மூன்று தடவை ராத்திரியில் லோ ஆகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வீட்டாரை எழுப்பியிருக்கிறாள்.

எனக்கு நடந்த மாற்றம் சின்னதுதான். அதற்குமுன் சார்ட்டை விளக்கிவிட்டு, புரிஞ்சுதா என்று கேட்பேன். எல்லோரும் புரிஞ்சுது என்பார்கள். அந்தக் கேள்விக்கு அதைத் தவிர வேறு பதிலே கிடையாது என்பது எனக்குப் புரிய இத்தனை வருஷ சர்வீஸ் ஆயிற்று. இப்போது சார்ட்டை எடுப்பதற்கு முன்னாலேயே, உங்க வீட்ல காலையில எழுந்ததிலேருந்து படுக்கிறவரைக்கும் எப்படி என்று கேட்கிறேன். புதுப் பெண்களையும் அதையே கேட்கச் சொல்கிறேன். நேரம் பிடிக்கிறது என்று முனகுவார்கள். பிடிக்கத்தான் செய்யும்.

போன வாரம் ஒரு ஆறு வயதுப் பையனைச் சேர்த்திருந்தார்கள். அவன் அம்மாவும் அப்பாவும் மல்லி பறிக்கப் போகிறவர்கள். எங்கள் புது நர்ஸ் பெண் ஒருத்தி நான் சொன்னபடி அவர்களைக் கேட்டாள். அந்த அம்மா கூச்சத்தோடு, "நாங்க விடியறதுக்கு முன்னாடியே பூ எடுக்கப் போயிடுவோம்மா. காலையில பத்து மணிக்குத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்," என்றார்.

அந்தப் பெண் கையிலிருந்த அச்சடித்த சார்ட்டைப் பார்த்தாள். பிறகு அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, முதல் வரியில் பத்து மணி என்று எழுதினாள்.