படம் இருக்கும் பக்கம்

ஆம்பூரில் பழைய வீடியோ கேம் விற்கும் கடையில்தான் அவரைப் பார்த்தேன். ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையாம், கடைக்காரர் சொன்னார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, சட்டைப் பையில் சாக்பீஸ். எங்கள் இருவருக்கும் ஒரே கார் பந்தய விளையாட்டு வேண்டியிருந்தது. கடையில் அதன் சிடி இரண்டுதான் இருந்தது.

அவர் ஒன்றை எடுத்து முதலில் முகர்ந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா சார், வாசனையா?"

"கையில எது வந்தாலும் மொதல்ல மூக்குக்குத்தான் போவுது சார். பழக்கம்," என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அதன் அடிப்பக்கம் முழுக்கக் கீறல். இன்னொன்று கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். மேலே ஒட்டியிருந்த படத்துக்கு நடுவே ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரிந்தது.

"அடியில கீறல் ஜாஸ்தின்னா தேய்ச்சு எடுத்துடலாம் சார். இதுல ஓட்டை. படம் இருக்குற பக்கம்தான் தோலு, அடிப்பக்கம் வெறும் சதை. தோலு போச்சுன்னா ரிஜெக்ட்தான்."

சிடிக்கு ஏது தோலும் சதையும் என்று நினைத்து, பளபளத்ததை நான் எடுத்துக்கொண்டேன். கீறல் விழுந்ததை அவர் சந்தோஷமாக வாங்கிப் போனார்.

வீட்டில் மூன்றாவது சுற்று வரும்போதெல்லாம் என் கார் அப்படியே உறைந்து நின்றது. சிடியில் விளையாட்டு பதிந்திருப்பது படத்துக்கு நேர் அடியில்தான் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

இப்போது எந்த சிடி வாங்கினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். அதற்கு முன்னால், யாரும் கவனிக்கவில்லை என்றால், ஒருமுறை முகர்ந்தும் பார்த்துக்கொள்கிறேன்.